நெல் டிரெய்லருக்குப் பின்னால் லைட் எங்கே?

சம்பா அறுவடை வந்தால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி சாலைகளில் ராத்திரியிலும் நெல் மூட்டையோடு டிராக்டர்கள் ஓடும். முன்னால் ஹெட்லைட் எரியும். பின்னால் பல டிரெய்லர்களில் ஒண்ணுமே இருக்காது. பைக்கில் வருபவர் கண்ணில் படும்போது பிரேக் பிடிக்க இடம் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?
1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும். 1989 மத்திய விதிகளின்படி பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம்.

மாநிலத்துக்கு மாநிலம் மாறுமா?
பாதுகாப்பு விதி நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் பல விதிமீறல்களுக்கு ஸ்பாட்டில் வசூலிக்கும் தொகையை மாநில அரசே முடிவு செய்யலாம். 2019 சட்டத் திருத்தம் வந்ததும் குஜராத் அபராதத்தைக் குறைத்தது. தமிழ்நாடு புதிய தொகையை 2022 அக்டோபரில்தான் அமல்படுத்தியது.

டிரெய்லரில் ஆள் ஏற்றலாமா?
கூடாது. 2022 அக்டோபர் 1 அன்று கான்பூர் அருகே பக்தர்களை ஏற்றிவந்த டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தார்கள். டெல்டாவில் கோயிலுக்கும் நடவு வேலைக்கும் இப்படிப் போவது இன்னும் சகஜம்.

என்ன செய்யலாம்?
அறுவடை நேரத்தில் விவசாயியை ரோட்டில் மடக்கி அபராதம் போட்டால் கோபம்தான் மிஞ்சும். நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. போக்குவரத்துத் துறையும் போலீஸும் அங்கேயே ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுதா என்று பார்க்கிற இடத்தில், பின்லைட் எரியுதா என்றும் பார்க்க முடியாதா?