இரு கடல்களுக்கு நடுவே ஜடா தீர்த்தம்

மண்டபத்தைக் கடந்து பாம்பன் பாலத்தில் ஏறியதும் யாத்ரிகர்களின் பார்வை இருபுறமும் விரியும் கடலிலேயே நிலைத்துவிடுகிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியில் அவ்விரண்டையும் மகோததி, இரத்னாகரம் என்று வணங்கி நீராடுகிறோம். பாலத்துக்கு அப்பாலுள்ள தீவில் ஓர் ஆறும் இல்லை. வைகையின் நீரும் பெரும்பாலான ஆண்டுகளில் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. அத்தகைய தீவில், ஆலயத்துக்குள் மட்டும் 22 தீர்த்தங்கள்!

ஆலயத்துக்கு வெளியே உள்ளவற்றுள் ஒன்று, தனுஷ்கோடி சாலையிலுள்ள ஜடா தீர்த்தம். இராவண வதத்துக்குப் பின், சிவலிங்க வழிபாட்டுக்கு முன்பாக ஸ்ரீராமபிரான் தம் ஜடையை அலசிய இடம் என்பது தல வரலாறு. சிறிய குளந்தான். தனுஷ்கோடியைக் காணும் அவசரத்தில் வேன்கள் நிற்காமல் சென்றுவிடுகின்றன.

கடல் இத்தனை அருகில் இருக்க, மணலில் நன்னீர் தங்குவது எவ்வாறு? ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. அடியில் ஊடுருவியிருக்கும் கடல்நீர் கனமானது, மழைநீர் இலேசானது. ஆதலால் அது கலந்துவிடாமல் உப்புநீரின் மீது மிதக்கிறது. ஹாலந்து, ஜெர்மனிக் கடற்கரைகளை ஆராய்ந்தோர் நூறாண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நன்னீர் கிடைக்கும் அதிசயத்துக்கும் கரையின் மணலில் சேரும் மழைநீரே ஆதாரம்.

இக்கணக்கு மறுபுறமும் செல்லும் என்பதுதான் கவலைக்குரியது. மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலேறும். வரவு ஆண்டுக்கு ஒரு பருவம், செலவோ அன்றாடம். அதிலும் ஜடா தீர்த்தம் இருக்கும் கிழக்குப் பகுதியில் தீவு குறுகிக்கொண்டே போகிறது. நிலம் குறுகக் குறுக, மிதக்கும் நன்னீரின் கனமும் குறையும். ஒருமுறை உப்பேறிய மணல் மீண்டும் இனிக்கப் பல மழைக்காலங்கள் வேண்டும்.

நம் பங்கும் உண்டு. நீராடியபின் உடுத்திய துணியைத் தீர்த்தத்திலேயே விட்டுவருவதைப் பரிகாரம் என்று சிலர் எண்ணுகின்றனர். ஜடையை அலசிய பெருமான் எதையும் அங்கே விட்டுச் சென்றதாகத் தல வரலாறு கூறவில்லை. சோப்பும் ஷாம்புவும் தேய்த்துக் குளிப்பது இன்னும் தவறு. ஓடும் ஆறு அடித்துச் செல்வதுபோல இக்குளம் அழுக்கை எங்கும் அனுப்பிவிட முடியாது, அது மணலுக்குள்ளேயே இறங்கும். விவேகானந்த கேந்திரத்தார் இராமேஸ்வரத் தீவில் தூர்ந்துபோன தீர்த்தங்கள் பலவற்றைத் தேடிக் கண்டு சீரமைத்துள்ளனர்.

தனுஷ்கோடி செல்வோர் வண்டியோட்டியிடம் முன்பே சொல்லிவைத்தால் இங்கே நிறுத்துவார். கார்த்திகை, மார்கழியில் சென்றால் புதுமழையின் நீரைக் காணலாம். முழுக இயலாத முதியோர் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும்.