வந்த ஊரா, சொந்த ஊரா?

மடுல்சீமையில் பிறந்து, மடுல்சீமையிலேயே வளர்ந்து, பேரப்பிள்ளை கண்ட ஒருவரிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், திருச்சிப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம் என்று பதில் சொல்பவர்கள் இன்றும் உண்டு. அந்த ஊரை அவர் பார்த்ததில்லை. அவருடைய தகப்பனாரும் பார்த்திருக்க மாட்டார். தாம் குடியிருக்கும் இடத்தைத் 'தோட்டம்' என்பார். பசறையையும் பதுளையையும் 'டவுன்' என்பார். 'ஊர்' என்ற சொல் மட்டும் கடலுக்கு அப்பால் நிற்கிறது. இம்மக்களுக்கு இந்த மண்ணில் பற்று இல்லை என்பதுதான் இதற்குக் காரணமா? நாம் ஆற அமரச் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதன்முதலாகக் காணப்பட்டது மடுல்சீமை மலைகளில்தான். சில ஆண்டுகளில் கோப்பி பாழானது. கடன்பட்ட துரைமார் பலர் தோட்டங்களைக் கைவிட்டுப் போயினர். அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆட்கள் அதிகம் தேவைப்பட்டனர். வேலை முடிந்ததும் பலர் தமிழகம் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே மக்கள் குடும்பம் குடும்பமாகத் தங்கினர். லயத்து இஸ்தோப்பில் தொட்டில் கட்டினர், கோவில் எழுப்பினர், மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடினர், இறந்தோரைத் தேயிலை மலையின் ஓரத்திலேயே அடக்கம் செய்தனர். கச்சான் காற்று வீசும் யூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் கிடைக்கும் ஊவாத் தேயிலையின் வாசனைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்பை உண்டாக்கியவை இவர்களுடைய கைகளே. பிறப்பும் உழைப்பும் திருவிழாவும் இறப்பும் கூடும் இடத்தை ஊர் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

ஆனால் நாட்டின் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. யாருக்கு எந்த ஊரில் பற்று என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

மலையகத்திலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற கோச்சியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். சொந்த ஊருக்குப் போகிறவர்கள் ஒப்பாரி வைப்பதுண்டா? ஊரைப் பிரிகிறவர்கள் அல்லவா ஒப்பாரி வைப்பார்கள்! அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'. இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர்! ஊர் என்று எண்ணியிருந்தது ஊராகவில்லை. விட்டுவந்த மலைதான் ஊராக இருந்தது என்பதை அவர்கள் கடல் கடந்த பின்னரே அறிந்தனர்.

2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினை பெருமளவில் தீர்ந்தது. ஆனால் பிரஜையாக இருப்பது வேறு, ஓர் ஊரின் குடியாக இருப்பது வேறு. லயத்துக் காம்பிராவில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பம் பின்பக்கம் ஒரு குசினியை இறக்கிக் கட்டுவதற்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தபால்காரர் வீட்டு வாசலுக்கு வராமல் கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயத்தில் தேங்கிக் கிடந்ததால் நேர்முகப் பரீட்சையைத் தவறவிட்ட இளைஞர்கள் உண்டு. லயத்தைச் சுற்றிப் பாருங்கள்: போஞ்சி இருக்கும், முள்ளங்கி இருக்கும், கீரை இருக்கும். பலா இருப்பது அரிது. மூன்று மாதத்தில் பலன் தருவதை நடலாம். பேரன் காலத்திலும் காய்க்கும் மரத்தை யாருடைய நிலத்தில் நடுவது? பற்று இல்லாததால் பலா நடாமல் விட்டவர்கள் அல்லர் இவர்கள். பற்று வேரூன்ற இவர்களுக்கு ஒரு துண்டு நிலம் இல்லை.

இதன் கொடிய விளைவை நமது பதுளை மாவட்டம் கண்டிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் அபாயமானது என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. "சொல்லியும் அவர்கள் எழும்பிப் போகவில்லையே" என்று சிலர் கூறினர். எங்கே போவது? சொந்தக் காணி உள்ளவனுக்கே ஓரிடத்தை விட்டு இன்னோரிடம் போகும் சுதந்திரம் உண்டு. போக்கிடம் இல்லாமல் தங்கியிருப்பதை ஊர்ப்பற்று என்று புகழ்வதும் தவறு. பிடிவாதம் என்று பழிப்பதும் தவறு.

ஆகவே நிலத்துக்கும் வீட்டுக்கும் உறுதிப் பத்திரம், வீட்டுக்கு இலக்கம், வாசலுக்குத் தபால் என்பன ஊர்ப்பற்றுக்கு முதற்படி. 7 பேர்ச் காணி பற்றிப் பேச்சு நீண்ட காலமாக நடக்கிறது. அந்தக் காணி உறுதியோடும், மண்சரிவு அபாயமற்ற இடத்திலும் கிடைக்க வேண்டும் என்று நாம் ஒரே குரலில் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் அரசாங்கம் தரட்டும் என்று கைகட்டி இருப்பதற்கும் நமக்கு உரிமை இல்லை. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக இருந்த சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. நமது தோட்டத்துப் பாதைக்கும் பீலித் தண்ணீருக்கும் ஒரு விண்ணப்பமாவது எழுதினோமா? பீலியின் ஊற்றைச் சுற்றி நிற்கும் மரங்களைக் காத்தோமா? நமது சிறிய உலக முடிவைக் காண வருவோர் காட்சியை நேசித்து, கூடாரத்தை மடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்கள் போட்டுச் செல்லும் போத்தல்களோடு வாழப்போவது நாம்தான். அந்த இடத்துக்கு ஒழுங்கு விதிக்கவேண்டியவர்களும் நாமே.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் இதில் பங்குண்டு. மடுல்சீமைக்கு நியமனம் என்றாலே தண்டனையாக எண்ணி, வந்த நாளிலிருந்து இடமாற்றத்துக்கு எழுதும் உத்தியோகத்தர்களையும் ஆசிரியர்களையும் நாம் அறிவோம். 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார அடிகளார் அந்தப் பெரிய மறைமாவட்டத்தை விட்டுப் புதிய, வறிய பதுளைக்கு வந்து பணியாற்றினார். பிறந்த ஊரை நேசிக்க முயற்சி தேவையில்லை. வந்து சேர்ந்த ஊரை நேசிப்பது நாம் எடுக்கும் முடிவு. அதை நாள்தோறும் புதுப்பிக்க வேண்டும்.

2023இல், மக்கள் வந்த இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்த வழியை நாடு அறிந்தது. இனி, முன்னோர் வந்து சேர்ந்த இடத்தையும் அறியச் செய்வோம். ஒவ்வொரு பாடசாலையிலும் பிள்ளைகள் தங்கள் தோட்டத்தின் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும்: கோவிலைக் கட்டியவர் யார், எந்த மலைக்கு என்ன பெயர், மயானத்தில் உறங்குவோர் யார் யார் என்று. கட்டுரையின் தலைப்பில் 'எனது ஊர் மடுல்சீமை' என்று பிள்ளை எழுதட்டும். அந்த வரிக்கு ஓர் உறுதிப் பத்திரம் பெற்றுக்கொடுப்பது பெரியவர்களாகிய நமது வேலை.