பால்கனி தடுப்பைத் திறக்க 12,000 ரூபாய் கட்டின கதை

2025 டிசம்பரில் வீட்டோட ஒரு கப்பல் பயணம் போனோம். நான், மனைவி, 4 வயசுப் பையன், அப்பா, அம்மா. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்கற 4 இரவுப் பயணம். ஏஜென்ட் அனுப்பின இன்வாய்ஸில் ஒரு வரி: "கனெக்டிங் பால்கனி சார்ஜ், 2 கேபின், ரூ.12,000". அதுக்கு 5% ஜிஎஸ்டி, இன்னொரு 600. அடுத்தவங்க இன்வாய்ஸில் ஒவ்வொரு வரியையும் நோண்டிக் கேள்வி கேட்கறதுதான் என் தொழில். என் வீட்டு இன்வாய்ஸை ஒரு வார்த்தை கேட்காம கட்டிட்டேன்.

கப்பலில் ஏறின அன்னைக்கு சாயங்காலம் பால்கனிக்குப் போய்ப் பார்த்தா, ரெண்டு கேபினுக்கும் நடுவில் தடுப்பு மூடியே இருந்தது. கேபினைச் சுத்தம் பண்ண வந்த ஸ்டூவர்ட்கிட்ட, "இதுக்குப் பணம் கட்டியிருக்கோமே" என்றேன். அவர் சிரிச்சுட்டு, "இதுக்கு யாரும் பணம் கட்ட வேண்டாம் சார். சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு நாளைக்குத் திறந்து தரேன்" என்றார். அதே மாதிரி மறுநாள் காலையில் சாவி போட்டுத் திறந்து மடிச்சு வெச்சார். எங்களுக்கு ரெண்டு கேபின் தள்ளி இருந்த சிங்கப்பூர்க் குடும்பம் ஏறின உடனே வாயால கேட்டாங்களாம். அவங்களுக்கு முதல் நாளே திறந்தாச்சு.

ஊருக்கு வந்ததும் ஏஜென்ட்டைக் கேட்டேன். "அது எங்க சர்வீஸ் சார்ஜ் சார், ரிக்வெஸ்ட் போட்டதுக்கு" என்றார். அந்தப் பணம் திரும்பி வரலை.

விஷயம் என்னன்னா, பக்கத்துப் பக்கத்து பால்கனி கேபின்களுக்கு நடுவில் இருக்கற தடுப்பு பல கப்பல்களில் கதவு மாதிரி திறக்கும். பூட்டு இருக்கும், சாவி ஊழியர்கிட்ட இருக்கும். ரெண்டு கேபின்காரங்களும் ஒரே குழுவா இருந்து சம்மதிச்சா திறந்து விடுவாங்க. ஆனா எல்லாத் தடுப்பும் திறக்காது. சில இடங்களில் தீத்தடுப்புப் பிரிவின் எல்லை அந்தச் சுவரில் வரும். அங்க தடுப்பு நிரந்தரமான இரும்பு, யார் கேட்டாலும் அசையாது. திறக்கிற தடுப்பையும் காத்து பலமா அடிச்சா மூடச் சொல்லிடுவாங்க. அதனால கப்பல் கம்பெனி இதை உங்களுக்கு உறுதியா எழுதிக் கொடுக்கறதில்லை. கோரிக்கையைக் குறிச்சு வெச்சுப்பாங்க, அவ்வளவுதான். கம்பெனியே விற்காத ஒண்ணை ஏஜென்ட் எப்படி விற்க முடியும்? எனக்கு வந்த கம்பெனி கன்ஃபர்மேஷனில் ரெண்டு கேபின் நம்பர் மட்டும்தான் இருந்தது. பால்கனி பத்தி ஒரு சொல் கிடையாது. பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்தக் காகிதத்தை இன்வாய்ஸோட பக்கத்துல வெச்சுப் பார்த்திருந்தா 12,600 மிச்சம்.

இதையும் 'கனெக்டிங் கேபின்' என்பதையும் குழப்பிக்காதீங்க. அது வேற. ரெண்டு அறைக்கும் உள்ளேயே ஒரு கதவு இருக்கும், டெக் பிளானில் அதுக்கு அடையாளமும் போட்டிருப்பாங்க. அதை புக்கிங் சமயத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். சின்னக் குழந்தைகளைத் தனி அறையில் படுக்க வைக்கறவங்களுக்கு அதுதான் சரி. என்ன, அந்தக் கதவு வழியா சத்தம் நல்லாக் கேட்கும். எங்கப்பா குறட்டையை நினைச்சு நான் அந்தப் பக்கமே போகலை.

சரி, 5 பேருக்கு எந்த மாதிரி கேபின் எடுக்கறது? சாதாரண கேபினில் 3 பேர், சிலதில் 4 பேர். அதுக்கு மேல விட மாட்டாங்க. எங்களுக்கு வந்த விலையைச் சொல்றேன், உங்களுக்கு மாறும். வரியும் துறைமுகக் கட்டணமும் எப்படி எடுத்தாலும் தலைக்கு ஒண்ணுதான், அதை விட்டுடுவோம். எல்லாரும் ஒண்ணா இருக்கற ஃபேமிலி ஸூட் 3,60,000. பக்கத்துப் பக்கத்தில் 2 பால்கனி கேபின் 2,50,000. எங்களுக்கு ஒரு பால்கனி, அப்பா அம்மாவுக்கு ஜன்னலே இல்லாத உள் கேபின் என்றால் 2,12,000.

ஸூட்டை நான் யோசிக்கவே இல்லை. 1,10,000 கூடக் கொடுக்கணும், பல கம்பெனிகளில் ஸூட்டுக்கு தினசரி டிப்ஸ் கணக்கும் அதிகம். ரெண்டு தனி கேபின்னா நிச்சயம் ரெண்டு பாத்ரூம். துறைமுகத்தில் இறங்கற அன்னைக்கு காலை 7 மணிக்கு 5 பேர் கிளம்பணும்னா பால்கனியை விட பெரிய சொத்து அதுதான்.

உண்மையான கேள்வி அந்த 38,000. அப்பா அம்மாவுக்கும் பால்கனி வேணுமா? பகலில் பாதி நேரம் கரையில் இருப்போம், மீதி நேரம் சாப்பாடு, ஷோ. காலையில் ஒண்ணரை மணி நேரம், சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம் பால்கனியில் உட்காருவாங்கன்னு வெச்சா 4 நாளுக்கு 12 மணி நேரம். மணிக்கு கிட்டத்தட்ட 3,200 ரூபாய். இப்படிக் கணக்குப் போட்டு மனைவிகிட்ட காட்டினேன். "உங்க பால்கனிக்கும் இதே கணக்குதானே?" என்று கேட்டாள். பதில் இல்லை.

இங்கே என் கருத்தை நேரா சொல்லிடறேன். நம்மில் நிறைய பேர், முதல் தடவை பெத்தவங்களை வெளிநாடு கூட்டிட்டுப் போறப்ப, "அவங்க தூங்கத்தானே போறாங்க" என்று ஜன்னல் இல்லாத அறையைக் கொடுத்துட்டு, பால்கனியை நாம எடுத்துக்கறோம். கடல் பார்க்கணும்னா மகன் ரூம் கதவைத் தட்டிட்டு வரணும். எந்த அப்பா தட்டுவார்? ஒரு பால்கனிக்குத்தான் பட்ஜெட் இருக்குன்னா அதைப் பெரியவங்களுக்குக் கொடுங்க, நீங்க உள் கேபினில் படுங்க. ரெண்டுக்கு முடிஞ்சா ரெண்டு எடுங்க. ஒண்ணுக்கும் முடியலை, கிரெடிட் கார்டு இஎம்ஐ-யில் போட்டாத்தான் உண்டுன்னா, ரெண்டு உள் கேபின் போதும். மேல் தளத்தில் அதே கடல் எல்லாருக்கும் இலவசம்.

ரெண்டு பால்கனி எடுக்க முடிவு பண்ணினா, தடுப்பு திறக்கும் என்பதை விலைக்குள்ள சேர்க்காதீங்க. கடைசி வரை மூடியே இருந்தாலும் அந்த 38,000 உங்களுக்குச் சம்மதமா என்று மட்டும் பாருங்க. சம்மதம்னா எடுங்க, ஏறின பிறகு கேளுங்க.

புக் பண்ணும்போது கேபின் நம்பரை நீங்களே டெக் பிளானில் பார்க்கணும். பல கப்பல்களில் ஒரு பக்கம் முழுக்க ஒற்றைப்படை, மறுபக்கம் முழுக்க இரட்டைப்படை. 8250-க்குப் பக்கத்து கேபின் 8252. 8251 கப்பலின் அந்தப் பக்கம் இருக்கும்! என் கிளையன்ட் ஒருத்தர் அடுத்தடுத்த நம்பர்னு சந்தோஷமா எடுத்துட்டு, ரெண்டு பாலர் பள்ளிப் பிள்ளைகளோட நாலு நாள் கப்பலைக் குறுக்கே நடந்தார். அப்புறம், விலை குறைவா 'கேரண்டி' கேபின் என்று காட்டும். அதில் கேபின் வகை மட்டும்தான் உறுதி, எந்த அறைன்னு கம்பெனிதான் முடிவு பண்ணும். ரெண்டு கேரண்டி கேபின் எடுத்துட்டுப் பக்கத்துல வேணும்னு கேட்கறதில் அர்த்தமில்லை.

வரி விஷயத்தையும் சொல்லிடறேன், எப்படியும் கேட்பீங்க. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஏஜென்ட் டிசிஎஸ் பிடிப்பார். 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரை 5%, அதுக்கு மேல 20%-ஆ இருந்தது. எங்களுக்கு 16,000 சொச்சம் போச்சு. இது செலவு கிடையாது, யார் பான் நம்பரில் பிடிச்சாங்களோ அவங்க வரிக் கணக்கில் வரவு. சம்பளக்காரங்க ஆபீஸுக்குத் தெரிவிச்சா, மீதி மாசங்களில் பிடிக்கற டிடிஎஸ்-ஸிலேயே கழிச்சுக்கலாம், ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். பில்லை ரிட்டர்ன் போடாத அப்பா பேரில் போட்டுடாதீங்க. அந்தப் பணத்துக்காகவே அவரை ரிட்டர்ன் போட வைக்கணும்.

கப்பலில் பிடிக்கற டிப்ஸ் தனி. ஒரு ஆளுக்கு நாளைக்கு 18 டாலர்னு வெச்சா, 5 பேருக்கு 4 நாளில் 360 டாலர், 30,000 ரூபாய்க்கு மேல. 3.5% மார்க்கப் வாங்கற கார்டில் தேய்ச்சா, அந்த மார்க்கப் மேல 18% ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13% கூடப் போகும்.

தடுப்பு திறந்த பிறகு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு தொல்லை இருக்கு. சின்னக் குழந்தை இருக்கறவங்க இதைக் கவனமாப் படிங்க. பால்கனிக்கு நம்ம அறையிலிருந்து ஒரு கதவுதான், மேலே தாழ்ப்பாள் போட்டுட்டா நிம்மதி. தடுப்பைத் திறந்துட்டா பால்கனிக்கு ரெண்டு கதவு. ரெண்டாவது நாள் மத்தியானம் பையன் தாத்தா அறையில் இருக்கான்னு நாங்க நினைச்சோம், எங்க அறையில் இருக்கான்னு அவங்க நினைச்சாங்க. அவன் பால்கனியில் தனியா, கைப்பிடியை ஒட்டிக் கிடந்த நாற்காலி மேல முட்டி போட்டு அலையைப் பார்த்துட்டு இருந்தான். அரை நிமிஷம்தான் இருக்கும். அவனைத் தூக்கின பிறகும் என் கை நடுங்கறது நிற்கலை. உடனே நாற்காலி எல்லாத்தையும் உள்ளே இழுத்துப் போட்டோம். பையன் யார் பொறுப்புன்னு வாய்விட்டுச் சொல்லிக் கைமாத்தறதுன்னு ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டோம்.

திறந்து வெச்சதால நல்லது நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். ஒரு நாள் காலையில் இருட்டு பிரியறப்பவே அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். மீன்பிடிப் படகு விளக்குகளைக் காட்டி ஒவ்வொண்ணா எண்ணிட்டு இருந்தார், பையன் மடியில். ரெண்டு பால்கனியும் சேர்த்தா நூறு சதுர அடி இருக்கும், அவ்வளவுதான். அஞ்சு பேரும் அங்கேயே காபி குடிச்சோம்.

மூணாவது நாள் அம்மா என்கிட்ட மெதுவா கேட்டாங்க, "அந்தத் தடுப்பை மறுபடி மூடச் சொல்லலாமாப்பா?" பையன் விஷயத்தில் பயந்துட்டாங்கன்னு நினைச்சேன். அதுவும் இருந்திருக்கும். ஆனா அவங்க சொன்ன காரணம் வேற. "நைட்டியோட காலை நீட்டிக் கொஞ்சம் உட்காரலாம்னா, எந்நேரமும் யாராவது வரீங்க. முப்பத்தஞ்சு வருஷமா எனக்குன்னு ஒரு திண்ணை கூட இருந்ததில்ல."

ஸ்டூவர்ட் வந்தார். மூடறதுக்கும் காசு வாங்கலை.