வராமல்போன பாதி

பெரியாருக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். ‘இனிவரும் உலகம்’ நூலில் அவர் சொன்னவற்றில் எவை பலித்தன, எவை பலிக்கவில்லை என்று சரிக்குறி இட்டு ஓர் இதழ் அட்டவணை வெளியிட்டிருக்கிறது. சட்டைப்பையில் கம்பியில்லாத் தொடர்புக் கருவி: சரி. முகம் பார்த்துப் பேசுவது: சரி. சேர்க்கையின்றிக் கருத்தரிப்பு: சரி. தொப்பியில் வானொலி: தவறு. முடிவில் ‘தீர்க்கதரிசி’ பட்டம். இதை மறுத்து எழுதிய இன்னோர் இதழோ, எல்லாம் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸிடம் எடுத்த சரக்கு என்று தள்ளிவிட்டது. இரு தரப்பும் நூலைப் பாதியிலேயே மூடிவிட்டன.

1940களின் முற்பாதியில் வந்த அந்தச் சிறுநூலின் முதுகெலும்பு கருவிகளில் இல்லை. காசு இராது, கடும் உழைப்பு இராது, இழிவான வேலை என்று ஒன்று இராது, ஒருவர் இன்னொருவருக்கு அடிமையாக இருக்க வேண்டியிராது: இவைதான் அதன் கூற்றுகள். இவை நிறைவேறுவதற்கான ஏற்பாடாகவே கருவிகள் அங்கே வருகின்றன. அட்டவணையில் இவற்றுக்கு ஒரு வரிசைகூட இல்லை. வாழ்நாளெல்லாம் சோதிடத்தை எதிர்த்த ஒருவரைப் பலித்த வாக்குகளின் எண்ணிக்கையால் அளப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 1932இல் பிரித்தானியாவுக்கு வந்து, மெக்ஸ்பரோ தொழிலாளர் கூட்டத்தில் தொழிற்கட்சித் தலைவர் லான்ஸ்பரியை மேடையில் வைத்துக்கொண்டே அக்கட்சியைச் சாடியவர் அவர். இயந்திரம் வந்தால் அதன் பலன் யாருக்கு என்பதே அவருடைய கேள்வி.

அதே கேள்வியை வேறொரு கோணத்திலிருந்து அணுகியவர் கெயின்ஸ். புளூம்ஸ்பரியின் கோர்டன் சதுக்கத்தில் வாழ்ந்த அவர், நூறாண்டில் வாரத்துக்கு 15 மணிநேர உழைப்பு போதும் என்று 1930இல் எழுதினார். செல்வம் பெருகும் என்ற கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வந்தது. ஓய்வு மட்டும் வரவில்லை. ஈரோட்டு வணிகரும் கேம்பிரிட்ஜ் பொருளியலாளரும் ஒரே இடத்தில் தவறியிருக்கிறார்கள் என்றால், ஆராய வேண்டியது அந்த இடத்தைத்தான்.

எதிர்காலத்தை எழுதியவர்களில் ஆர்தர் சி. கிளார்க்கைச் சொல்லாமல் இந்தப் பேச்சை எம்மால் தாண்ட முடியாது. 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையை இன்று படித்தாலும் உடல் சிலிர்க்கிறது. பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டரில் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று, ஒரு ராக்கெட்கூடச் சுற்றுப்பாதையைத் தொட்டிராத காலத்தில், கணக்குப் போட்டுக் காட்டினார். பின்னாளில் இலங்கையில் குடியேறிய அவருக்கு, இந்தியாவின் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனையைக் கொழும்பு வீட்டிலேயே பார்க்க 1975இல் ஓர் ஏற்பி நிறுவிக் கொடுக்கப்பட்டது. எம் தலைமுறைக்கு அறிவியல் என்ற சொல்லோடு ஒட்டி வந்த முகம் அவருடையது. ஆனால் அந்த நிலையங்களில் ஆட்கள் தங்கிப் பணிபுரிவார்கள் என்றும் அவர் எண்ணினார். 1947இல் பிறந்த டிரான்சிஸ்டர் அந்தத் தேவையை நீக்கியது. 1964இல் அந்த உயரத்தில் நிலைநின்ற சின்காம் 3 செயற்கைக்கோளில் ஆள் யாரும் இல்லை.

மனிதர் தேவைப்படாத இடத்தில் கிளார்க் மனிதரை வைத்தார். இன்றைய நிறுவனங்கள் மனிதர் உழைக்கும் இடத்தில் மனிதரே இல்லை என்று காட்டுகின்றன. கிழக்கு ஹாமில் ஒருவர் திரையைத் தொட்டதும் பிரியாணி வருகிறது. அதை மழையில் சைக்கிளில் சுமந்து வருபவர் செயலியின் வரைபடத்தில் நகரும் ஒரு புள்ளி. ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்று ஏற்க 2021இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. டெலிவரூவில் உணவு கொண்டுசெல்வோருக்கோ, தொழிற்சங்கம் வழியே பேரம் பேசும் உரிமை இல்லை என்று அதே நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. முகம் பார்த்துப் பேசும் கருவி நம்மவர் எல்லோரிடமும் இருக்கிறது. தஞ்ச விண்ணப்பம் முடிவாகாத பிள்ளை யாழ்ப்பாணத்தில் நடக்கும் தாயின் செத்தவீட்டை அதில்தான் பார்க்கிறான். கருவி வந்துவிட்டது, போய்வரும் உரிமை வரவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து இன்னும் கடுமையான சாட்சியம் வருகிறது. கழிவுநீர்க் குழிக்குள் ஆளை இறக்காமல் சுத்தம் செய்யும் ரோபோவைச் சென்னை ஐஐடியில் உருவாக்கிவிட்டார்கள். கேரளத்து இளைஞர்கள் அதற்கு முன்பே ‘பாண்டிகூட்’ ரோபோவைக் கொண்டுவந்தார்கள். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே நிறைவேறியது. இவ்வளவுக்குப் பிறகும் விஷவாயுவில் ஆட்கள் சாகிறார்கள். ஒப்பந்தக்காரரின் கணக்கில் இயந்திரத்தின் வாடகையைவிடக் குழியில் இறங்குபவரின் கூலி குறைவு. அந்தக் கூலியைக் குறைத்து வைத்திருப்பது சாதி. எந்தப் பொறியியல் கண்டுபிடிப்பும் தானாகவே இந்தக் கணக்கை மாற்றிவிடாது. மாற்ற அரசியல் வேண்டும், போராட்டம் வேண்டும், குறைந்தபட்சம் அதைப் பற்றிப் பேசும் இலக்கியமாவது வேண்டும்.

எதிர்காலம் பற்றிய எழுத்தைப் பொறியாளர்களிடமும் அறிவியல் புனைகதையாளர்களிடமும் மட்டுமே கேட்டு வாங்கிய பழக்கத்தை இந்த இதழோடு நிறுத்துகிறோம். இரவில் கிடங்குகளில் பொதி கட்டுபவர்கள், முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை செய்பவர்கள், உணவுப் பொதி சுமந்து சைக்கிள் மிதிப்பவர்கள் எழுதட்டும். கையெழுத்துப் பிரதியானாலும் குரல் பதிவானாலும் அனுப்பலாம். தட்டச்சு செய்யும் வேலை எம்முடையது.