வேகம் விற்கும் கட்டுரைக்கு ஓர் எதிர்வினை

சென்ற இதழில் வந்த குறுக்குவில் கட்டுரை, கையில் பணம் குறைவாக உள்ள வேட்டைக்காரனின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்கிறது. அதன் வாதம் இப்படிப் போகிறது. 2,000, 3,000 டாலர் வில்லெல்லாம் பணக்காரர்கள் பெருமைக்காக வாங்குவது. 300, 400 டாலருக்கே வினாடிக்கு 400 அடி வேகத்தில் அம்பு விடும் வில் கிடைக்கிறது. இருக்கும் பணத்துக்கு எது அதிக வேகமோ அதை வாங்க வேண்டும். அந்த வேகம் இருந்தால் 80 கஜத்தில் நிற்கும் மானையும் வீழ்த்திவிடலாம். பெட்டியோடு வரும் மூன்று அம்புகள் ஒரு பருவத்துக்குப் போதும்.

இதில் முதல் வாக்கியத்தில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. மற்றதெல்லாம் புதிதாக வேட்டைக்கு வருகிறவனை ஏமாற்றும் பேச்சு; அவன் குறிவைக்கும் விலங்கை வதைக்கும் பேச்சு. ஒன்டாரியோவில் ஒவ்வோர் ஆண்டும் புதியவர்கள் முதல் வில்லை வாங்குகிறார்கள். அவர்கள் கையில் இந்தக் கட்டுரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

பாதி உண்மையை முதலில் ஒத்துக்கொள்வோம். மான் வேட்டைக்கு 3,000 டாலர் வில் தேவையே இல்லை. ஆனால் ஏன் தேவையில்லை என்பதைக் கட்டுரையாளர் யோசித்திருந்தால், தன் கட்டுரையின் மீதிப் பகுதியை எழுதியிருக்க மாட்டார்.

அம்பு கொல்வது முனையிலுள்ள கத்தி விளிம்பால். இரண்டு நுரையீரலையும் அந்த விளிம்பு அறுத்துக்கொண்டு போனால் மான் சில வினாடிகளில் விழும். அதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? அமெரிக்க அம்பு நிறுவனமான ஈஸ்டனின் அட்டவணையை வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்கிறார்கள். அது மானுக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு என்கிறது. எல்க், கருங்கரடி ஆகியவற்றுக்கு 42 முதல் 65. இப்போது 400 கிரெய்ன், அதாவது சுமார் 26 கிராம் எடையுள்ள ஓர் அம்பை வினாடிக்கு 300 அடி வேகத்தில் விடுங்கள். கிடைப்பது 80 அடி-பவுண்டு. மானுக்கு வேண்டியதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கரடிக்கு வேண்டியதையும் தாண்டிவிட்டது. 300 அடி வேகம் உள்ள சாதாரண வில்லே வேலையை முடித்துவிடுகிறது என்றால், பணமில்லாதவனை எதற்காக 400 அடி வேகத்தின் பின்னால் ஓடச் சொல்கிறார்?

அவரிடம் இருக்கும் ஒரே பதில் தூரம். அந்த 80 கஜம்தான் கட்டுரையிலேயே பொறுப்பற்ற வரி. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஒலி வினாடிக்குச் சுமார் 1,125 அடி போகும். 80 கஜம் என்பது 240 அடி. நாண் அறையும் ஓசை 0.21 வினாடியில் மானின் காதுக்குப் போய்விடும். 400 அடி வேகத்தில் புறப்பட்ட அம்பு, வழியில் கொஞ்சமும் வேகம் குறையவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 0.6 வினாடி எடுக்கும். உண்மையில் அதைவிடத் தாமதமாகத்தான் வரும். ஆக, ஓசை கேட்டதற்கும் அம்பு வருவதற்கும் இடையில் மானுக்கு ஏறக்குறைய 0.4 வினாடி கிடைக்கிறது. மிரண்ட வெண்வால் மான் பாய்வதற்கு முன் கால்களைத் தளர்த்தி உடம்பைத் தாழ்த்தும். மரத்தின் மேல் உட்கார்ந்து வேட்டையாடியவர்களுக்கு அந்த அசைவு நன்றாகத் தெரியும். தடையில்லாமல் விழும் எதுவும் கால் வினாடியில் ஓர் அடி இறங்கிவிடும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியோ ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். அந்த வட்டத்தின் நடுவில் குறிவைத்து விட்ட அம்பு, வந்து சேரும்போது அங்கே வட்டம் இல்லை. முதுகுத் தசையில் ஏறும். மான் திரும்பத் தொடங்கியிருந்தால் வயிற்றில் இறங்கும்.

வயிற்றில் அம்பு பட்ட மான் உடனே சாகாது. அது காட்டுக்குள் போய்ப் படுத்து, மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அனுபவமுள்ளவர்கள் உடனே பின்னால் போகாமல் வெகுநேரம் காத்திருந்துதான் தேடத் தொடங்குவார்கள். அவசரப்பட்டுத் துரத்தினால் அது எழுந்து இன்னும் தொலைவு ஓடிவிடும். மழை வந்தால் ரத்தத் தடம் அழிந்துவிடும். பிறகு ஓநாய்க்கும் காக்கைக்கும்தான் அந்த மான். காயப்பட்ட விலங்கைத் தேடி எடுக்க இயன்ற முயற்சி எல்லாம் செய்யாமல் விடுவது ஒன்டாரியோவில் சட்டப்படி குற்றம். 80 கஜத்தில் விடு என்று சொன்ன கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அம்பு பிசகினால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. பிசகும் என்பதே அவர் கணக்கில் இல்லை.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 80 கஜத்துக்குள் அந்த அம்பு ஆறு அடிக்கு மேல் கீழே வளைகிறது. 75 கஜத்தில் நிற்கும் மானை 80 என்று நினைத்து விட்டால் அம்பு நான்கு அங்குலத்துக்கு மேல் உயர்ந்து போகும். மான் அசையாமல் நின்றாலும் பாதி இலக்கு போய்விட்டது. ஸ்கோப்பின் கண்ணாடியில் 100 கஜம் வரை கோடு போட்டிருக்கிறார்களே என்கிறார். கண்ணாடியில் கோடு போட எந்தத் திறமையும் வேண்டாம்.

இதே கணக்கை 20 கஜத்துக்குப் போடுங்கள். 300 அடி வேக அம்பு 0.2 வினாடியில் சேரும், ஓசை 0.05 வினாடியில். மான் திடுக்கிட்டு அசையத் தொடங்கும்போதே அம்பு உள்ளே போய்விட்டது. அங்கே 400 அடி வேகம் மிச்சப்படுத்தித் தருவது வினாடியில் இருபதில் ஒரு பங்கு. இதற்காகத்தான் ஒருவன் தன் பணம் முழுவதையும் வில்லில் கொட்ட வேண்டுமா? வில்வேட்டை என்பதே நெருங்கிப் போகும் வேட்டை. காற்றின் திசை பார்த்து, மான் நடக்கும் தடம் கண்டுபிடித்து, அசையாமல் காத்திருப்பதற்கு ஒரு டாலரும் செலவில்லை. பணமில்லாதவனுக்குச் சொல்லவேண்டிய முதல் அறிவுரை அதுதான். அதைச் சொல்லாமல் விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி அந்த 400 அடி வேகத்துக்கே வருவோம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் இலேசான அம்பை வைத்து அளந்தது. வேட்டைக்கு ஏற்ற கனமான அம்பைப் போட்டால் அது இறங்கும். அதே விலையில் கூடுதல் வேகம் தரவேண்டுமானால் செய்கிறவர் வேறு எதிலாவது கைவைத்தே ஆக வேண்டும். விசையில், நாணில், பிடியில், ஸ்கோப்பில். கரகரவென்று இழுத்து, எப்போது விடும் என்று தெரியாத விசை 30 கஜத்தில் உங்கள் குறியைக் கெடுக்கிற அளவுக்கு எந்த வேகக் குறைவும் கெடுக்காது. நிலையான அலகு கொண்ட அம்பு முனை, வேகம் கூடக்கூடக் காற்றில் விலகிப் போகும். வில்லிலோ அம்பிலோ உள்ள சிறு கோணலையும் அது பெரிதாக்கிக் காட்டும். வேகத்தை இன்னும் கூட்ட, தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச எடைக்கும் கீழே அம்பு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது அம்பு எடுத்துச் செல்லாத ஆற்றல் வில்லிலேயே தங்கிவிடும். நாண் அறும், வில்லின் கைகள் பிளக்கும், எதிரில் இருப்பது உங்கள் முகம்.

விரல்களைப் பற்றியும் கட்டுரையில் பேச்சில்லை. அம்பு ஓடும் பள்ளத்துக்கு மேலே கட்டைவிரலைத் தூக்கி வைத்திருந்தால் நாண் அதைச் சீவிவிடும். முன்பிடியில் இருபுறமும் விரலைத் தடுக்கும் இறக்கை போன்ற விளிம்பு இருக்கிறதா, அம்பில்லாமல் விசை இழுபட்டால் தடுக்கும் பூட்டு இருக்கிறதா: விலையைப் பார்ப்பதற்கு முன் கடையில் பார்க்கவேண்டியவை இவை இரண்டும்.

மூன்று அம்பு போதும் என்கிறார். எதற்குப் போதும்? பயிற்சியில் ஓர் அம்பு இன்னோர் அம்பின் வாலைப் பிளக்கும். ஒன்று இலக்குப் பலகையைத் தவறவிட்டுப் புல்லுக்குள் மறையும். ஏற்றிய நாணை இறக்க, வேட்டை நாளின் முடிவில் பழைய அம்பு ஒன்றை மண்ணிலோ இலக்கிலோ விடவேண்டியிருக்கும்; பெரும்பாலான குறுக்குவில்களில் ஏற்றிய நாணைச் சும்மா தளர்த்த முடியாது. வேட்டைக்கு வைத்திருக்கும் முனைகளை மாட்டி, அவை எங்கே போய்ப் படுகின்றன என்றும் பார்த்தாக வேண்டும். அம்பின் வாலில் உள்ள நாக் எந்த வகை என்று வில்லின் கையேட்டில் சொல்லியிருப்பார்கள். தட்டையானதைக் கேட்கும் வில்லில் பிறை வடிவத்தையோ, மாற்றியோ போட்டால் நாண் அம்பின் மேலேறி, அம்பில்லாமல் விட்டதற்குச் சமமாகிவிடும். இதெல்லாம் தெரியாமல் மூன்று அம்போடு காட்டுக்குப் போகிறவன் பயிற்சியே செய்யாமல் போகிறான்.

சரி, 600 டாலர் வைத்திருப்பவன் என்ன செய்வது? என் தீர்ப்பு இது: வில்லுக்கு 400க்கு மேல் போகாதீர்கள். மீதியை நல்ல அம்புகள், கூரான முனைகள், ஓர் இலக்குப் பலகை, நாணேற்றும் கயிறு, நாண் மெழுகு ஆகியவற்றுக்கு வையுங்கள். கயிறு இழுக்கும் பாரத்தைப் பாதியாக்கும். நாணை நடுவில் நேராக ஏற்றவும் அதுதான் வழி, கையால் இழுத்தால் ஒருபக்கம் சாய்ந்து குறி மாறும். ஒன்டாரியோ சட்டம் மானுக்குக் கேட்பது 45 கிலோ இழுவிசை, 300 மில்லிமீட்டர் இழுநீளம். அம்பு முனை குறைந்தது 22 மில்லிமீட்டர் அகலம், இரண்டு கூர் விளிம்பு. இன்று கடையில் இருக்கும் மலிவான முழு அளவு வில்லும் இதைத் தாண்டும். பக்கத்து மாகாணத்திலோ அமெரிக்காவிலோ வேட்டையாடுகிறவர்கள் அங்குள்ள விதியைத் தனியாகப் பாருங்கள். பென்சில்வேனியா 125 பவுண்டு கேட்கிறது, ஓரிகன் மாநிலத்தில் குறுக்குவில்லுக்கே அனுமதி இல்லை.

பழைய வில்லைத் தொடவே வேண்டாம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். கிச்சனர் நகரத்தின் எக்ஸ்காலிபர் செய்யும் ரீகர்வ் வகை வில்லில் உருளைகளும் கேபிள்களும் கிடையாது. அதன் நாணை வீட்டிலேயே மாற்றலாம்; அவை உள்ள காம்பவுண்டு வில்லுக்கு அழுத்தும் கருவியும் பெரும்பாலும் கடைக்காரரும் தேவை. ரீகர்வ் அகலமானது, சத்தம் அதிகம், நாணேற்றப் பலம் வேண்டும். அவை உண்மையான குறைகள். ஆனாலும் கவனமாக வைத்திருந்த பழைய ரீகர்வ் ஒன்று, புதிய மலிவு வில்லைவிட அதிக ஆண்டு உழைக்கும். வாங்கும்போது கைகளின் மேல் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். நூல் சிக்கினால் அங்கே வெடிப்பு இருக்கிறது, விட்டுவிடுங்கள். நாணின் நடுச்சுற்று பிரிந்திருந்தால் புது நாணின் விலையைக் கழித்துப் பேசுங்கள். அம்பில்லாமல் எப்போதாவது விட்டதுண்டா என்று நேராகக் கேளுங்கள். கேட்டதற்கு மழுப்பினால் நடையைக் கட்டுங்கள்.

இவ்வளவையும் எழுதக் கட்டுரையாளருக்கு இடம் இருந்தது. பணக்காரரின் பெருமையைத் திட்டுவதற்கு அந்த இடத்தைச் செலவழித்தார். ஏழையின் நண்பன் என்று பேர் சொல்லி, அவனுக்கு வேகம் என்ற அதே பெருமையை மலிவு விலையில் விற்றிருக்கிறார். அவன் தன் கூலியில் சேர்த்த பணத்தில் வாங்கும் வில் ஒன்றுதான். முதல் பருவத்திலேயே ஒரு மானைக் காயப்படுத்தித் தொலைத்துவிட்டால், மறுபடி காட்டுக்குப் போக மனம் வராதவர்கள் உண்டு.

ஒன்டாரியோவின் தெற்குப் பகுதிகள் பலவற்றில் வில்வேட்டைப் பருவம் அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது. அதற்கு முன் வரும் இதழிலேயே அந்த 80 கஜ அறிவுரையை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். புதியவர்களுக்கு 30 கஜம் என்று எல்லை சொல்லுங்கள்.