போக ஆறரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரமா?

சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் காலை 5.30-க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது அங்கே இரவு 9 மணிக்குப் புறப்பட்டால் இங்கே 10.30-க்கே வந்துவிடலாம் என்கிறது அதே டிக்கெட். பிள்ளைகளைப் பார்க்க முதல்முறை கிளம்பும் பெற்றோர் இதைப் பார்த்துக் குழம்புவதில் வியப்பில்லை.

போக, வர இரண்டுக்குமே ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம் காட்டும் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும் கணக்கில் அதைக் கழிக்க வேண்டும், வரும் கணக்கில் கூட்ட வேண்டும். சூரியனை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்தைவிடச் சற்றே கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். மலேசியாவோடு சேர்ந்து 1982-இல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டது. அங்கே ஏழு மணியளவில்தான் விடிகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த குழப்பம் தூரத்தால் வருவது. இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகும் என்று வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வராது. ஆனால் விமான நிறுவனத்தின் கணக்கு, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும்போது தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும்போதுதான் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்துபோவதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பதும் அதில் சேரும். பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வானத்திலும் குறித்துவைத்த பாதைகளில்தான் பறக்க வேண்டும். அவை எப்போதும் நேர்கோடாக இருப்பதில்லை. தாமதம் வந்தாலும் சமாளிக்கலாம் என்று நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்தும் வைக்கின்றன.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. அதை 1958-இல் விரிவாக விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. அதற்குக் கீழே வீசும் கிழக்குக் காற்றே சென்னைக்கு வரும் விமானத்தைப் பின்னிருந்து தள்ளும். சிங்கப்பூர் போகிற விமானத்துக்கு எதிர்க்காற்றாகும். அதனால்தான் ஒரே வழித்தடத்தில் ஆகும் நேரம் மாதத்துக்கு மாதம் சற்று மாறுகிறது.

இவற்றில் கணக்குத் தவறினால் பெரிய நஷ்டமில்லை. தேதியில் தவறினால் பயணமே போய்விடும். '15-ஆம் தேதி 00.30' என்று டிக்கெட்டில் இருந்தால், 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் முந்தைய இரவே போயிருக்கும். வீட்டில் பெரியவர்களுக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறவர்கள், 'எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்' என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.