மினுக்கத்துக்கு அடியில் துரு

திருகோணமலைத் துறைமுகப் பகுதிக் கராஜ்களில் 'கட் அன்ட் பொலிஷ்' என்ற பெயரில் நடைபெறுவதைப் பராமரிப்பு என்று அழைக்க நான் உடன்படமாட்டேன். பெரும்பாலும் அது மறைப்பு வேலை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை வானைத் தொட்டது. பழையதைப் புதிதுபோலக் காட்டும் தொழிலும் கூடவே தழைத்தது. தடை நீங்கினாலும் வரி குறையவில்லை. ஆகவே மினுக்கத்துக்கு இன்றும் கிராக்கிதான்.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற படை உண்டு. அதன் தடிப்பு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன். ஒரு தலைமயிரிலும் மெலிது. வெயிலின் புறஊதாக் கதிர்களை மறிப்பது அதுதான். சுழலும் இயந்திரத்தில் தேய்பசை வைத்து அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அதில் சில மைக்ரோன் கழிந்துபோகிறது. ஆண்டுதோறும் தேய்த்தால் ஒருநாள் கூரையும் பொனற்றும் வெளிறிச் செதில்செதிலாக உரியும். பின்னர் முழுப் பெயின்ட். அதே கராஜுக்கு மீண்டும் காசு. மொரிஸ் மைனர் காலத்துப் பெயின்டில் இந்த மேற்படை கிடையாது. தேய்த்தால் நிறமே துணியில் ஒட்டும். தடித்த பூச்சு என்பதால் அது தாங்கியது. அந்தப் பழக்கத்தை இன்றைய வாகனத்தில் காட்டுவதுதான் அநியாயம்.

இதைவிடப் பெரிய அநியாயம் அடியில் இருக்கிறது. ஒருபுறம் உட்துறைமுகம், மறுபுறம் பெருங்கடல் என்று அமைந்த நகரம் இது. வாடைக்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. மீன் லொறிகளிலிருந்து வடியும் நீர் வீதியிலேயே தேங்குகிறது. உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தகரத்தில் ஒட்டிக்கொள்ளும். துரு தொடங்குவது கதவின் கீழ்மடிப்பிலும் சில்லு வளைவின் உட்புறத்திலும் செசியிலும். பொலிஷ் போடுகிறவரின் கை அங்கே போவதில்லை. செரமிக் பூச்சு என்று பெருந்தொகை வாங்குகிறார்களே, அதுவும் மேல்முகத்துக்கு மட்டுமே. துருவேறிய இடத்தைப் புட்டி வைத்து நிரப்பி, மேலே நிறமடித்து விற்றுவிடுகிறார்கள். அந்தத் தகரத்தை நம்பித்தான் ஒரு குடும்பம் ஹபரணை வீதியில் விரைகிறது.

மினுக்கத்தின் இன்னொரு விலையை அந்தப் பையன்கள் கொடுக்கிறார்கள். இருகூட்டுப் பெயின்டில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேற்று உண்டு. அதைச் சுவாசிப்பவருக்கு ஆஸ்துமா வரலாம்; ஒருமுறை ஒவ்வாமை பற்றிக்கொண்டால் பிறகு சிறிதளவே போதும். காற்று வழங்கும் முகமூடி தேவைப்படும் வேலை இது. நான் பார்த்த இடங்களில் முகத்தைச் சுற்றி ஒரு சேட்டுத் துணி, அவ்வளவுதான். முதலாளியைக் கேட்டால், "பழகிவிட்டது ஐயா" என்கிறார். பழகியது யாருக்கு?

கனடாவிலும் இலண்டனிலும் இருந்து, உறவினருக்குக் கார் வாங்கப் பணம் அனுப்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கைத்தொலைபேசியில் வரும் பளபளப்பான படத்தைப் பார்த்துத் தலையசைக்காதீர்கள். காரை உயர்த்தி அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கதவின் கீழ்விளிம்பில் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தடித்த புட்டி இருந்தால் ஒட்டாது. வாங்கிய பிறகு பொலிஷுக்குக் கொடுக்கும் காசில் ஒரு நீண்ட ஹோஸ் வாங்கி, வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நன்னீரால் கழுவச் சொல்லுங்கள். விற்பவர் காரை உயர்த்த மறுத்தால், வேறு கார் பாருங்கள்.